லீ கிராஸ்னர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீன ஓவியம் பற்றிப் பேச்சு எழுந்தால் ஜாக்சன் பொல்லாக்கின் பெயர் வந்துவிடும். அவர் மனைவி லீ கிராஸ்னரும் ஓவியர்தான் என்று யாராவது ஒரு வரி சேர்ப்பார்கள். அத்துடன் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதைப் பற்றி நண்பர்களும் ஓவியம் பயிலும் மாணவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என்னால் இயன்ற பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

லீ கிராஸ்னர் யார்?

அமெரிக்க ஓவியர். 1908 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். 1984 ஜூன் 19 அன்று அதே நகரில் மறைந்தார். அரூப வெளிப்பாட்டியம் என்ற ஓவிய இயக்கத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய படைப்புகளில் இன்று பட்டியலில் இருப்பவை சுமார் 600தான். இவ்வளவு நீண்ட காலம் வரைந்த ஒருவருக்கு இது மிகக் குறைவு. பிடிக்காதவற்றை அவரே அழித்தார். பலவற்றைக் கத்தரித்து வேறு ஓவியத்துக்குள் ஒட்டிவிட்டார். அவரைப் புரிந்துகொள்ள அந்தக் கத்தரிக்கோலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரூப வெளிப்பாட்டியம் என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் உருவான போக்கு. முகம், மரம், பழக்கூடை என்று கண்ணெதிரே இருக்கும் ஒன்றைப் பார்த்து வரைவதை இந்த ஓவியர்கள் விட்டுவிட்டார்கள். வண்ணமும் கோடும் கையின் வேகமும் தாமே பேசட்டும் என்றார்கள். ராக ஆலாபனையில் சொல் கிடையாது, ஆனாலும் நமக்குள் ஏதோ அசைகிறது அல்லவா? அதைப் போல. பொல்லாக், வில்லெம் டி கூனிங், மார்க் ராத்கோ, ஃபிரான்ஸ் கிளைன், கிளிஃபர்ட் ஸ்டில் ஆகியோர் அடிக்கடி சொல்லப்படும் பெயர்கள். இவர்கள் எல்லோருடனும் ஒரே காலத்தில், ஒரே தெருக்களில் வாழ்ந்து வரைந்த கிராஸ்னரின் பெயர் அந்த வரிசைக்குள் வருவதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய குடும்பம் எப்படிப்பட்டது?

இன்றைய உக்ரைனில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். தந்தை முன்னே போய்விட, தாய் பிள்ளைகளுடன் 1908 தொடக்கத்தில் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அதே ஆண்டு பிறந்த லீதான் அந்த மண்ணில் பிறந்த அவர்களின் முதல் குழந்தை. பெற்றோர் புரூக்ளின் சந்தையில் மீன் விற்றார்கள். வீட்டில் இத்திஷ், ரஷ்யன், எபிரேயம் எல்லாம் கலந்து ஒலித்தன. சிறுமி எபிரேய எழுத்துகளை எழுதப் பழகினாள். பொருள் தெரியாமலேயே வடிவங்களாக அவற்றை ரசித்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆசாரமான குடும்பம். காலை வழிபாட்டில் ஆண்கள் தம்மைப் பெண்ணாகப் படைக்காததற்காக இறைவனுக்கு நன்றி சொல்லும் ஒரு வரி உண்டு. அதன் பொருள் தெரியவந்தபோது தனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இன்னொரு சம்பவம் நம் வீடுகளிலும் கேட்ட கதைதான். 1928இல் அவருடைய அக்கா இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். வழக்கப்படி அக்கா கணவரை லீ மணக்க வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். தங்கை அந்த இடத்துக்குப் போனார். லீக்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை.

லீ என்பது இயற்பெயரா?

இல்லை. வீட்டில் வைத்த பெயர் லீனா. பள்ளிக் காலத்தில் லெனோர் ஆனது, பிறகு லீ. குடும்பப் பெயரில் இரண்டு 'எஸ்' இருந்தன, ஒன்றை எடுத்துவிட்டார். ஓவியங்களில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டதுண்டு. கையெழுத்தே போடாமல் விட்டதும் உண்டு.

ஓவியம் எங்கே கற்றார்?

நியூயார்க்கில் பெண்களுக்கு ஓவியப் பாடம் வைத்திருந்த ஒரே அரசுப் பள்ளி வாஷிங்டன் இர்விங் உயர்நிலைப் பள்ளி. அங்கே அடம்பிடித்துச் சேர்ந்தார். கடைசி ஆண்டில் ஓவிய ஆசிரியர் அவருக்கு 65 மதிப்பெண் போட்டார், அதுவும் மற்ற பாடங்களில் நன்றாகப் படித்ததால் போனால் போகிறது என்று சொல்லிப் போட்டது. அடுத்து கூப்பர் யூனியன், 1928 முதல் தேசிய ஓவிய அகாதெமி.

அகாதெமியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லியாக வேண்டும். அங்கே மீனை வைத்து வரையும் பயிற்சி நிலவறையில் நடந்தது. குளிர்ச்சியில் மீன் கெடாது என்பதால் அந்த ஏற்பாடு. மாணவிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. கிராஸ்னரும் ஒரு தோழியும் இறங்கிப் போய் வரைந்தார்கள், தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். மீன் கடைக்காரர் மகளுக்கு மீன் வரையத் தடை.

இரண்டாவது சம்பவம் ஒரு கண்ணாடியைப் பற்றியது. உருவம் வரையும் மேல்வகுப்புக்குப் போக ஓர் ஓவியத்தைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. லாங் ஐலண்டில் பெற்றோர் வாங்கியிருந்த வீட்டுக்குப் போனார். தோட்டத்தில் ஒரு மரத்தில் கண்ணாடியை ஆணியடித்து மாட்டினார். அதன் முன் நின்று கோடைகாலம் முழுவதும் தன்னையே வரைந்தார். நீலச் சட்டை, வண்ணக் கறை படிந்த மேலங்கி, குட்டையாக வெட்டிய முடி, கையில் தூரிகைகளும் துடைக்கும் துணியும், பின்னால் வெயிலில் மின்னும் இலைகள். படத்தில் அந்த முகம் சிரிக்கவில்லை. புருவத்துக்குக் கீழிருந்து நம்மை அளவெடுக்கிறது. தேர்வுக் குழு நம்பவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து வரைந்துவிட்டு வெளியில் வரைந்ததாக ஏமாற்றுகிறாய் என்று கடிந்துகொண்டது. கடைசியில் நிபந்தனையின் பேரில்தான் மேல்வகுப்புக்கு அனுப்பியது. அந்த ஓவியம் இன்று நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொசுக்கடியிலும் வெயிலிலும் நின்று ஒரு பெண் இவ்வளவு நன்றாக வரைந்திருப்பாள் என்று அந்தப் பெரியவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை. எப்போது படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் எப்படிப் பிழைத்தார்?

முதலில் கிரீனிச் வில்லேஜில் ஒரு இரவு விடுதியில் உணவு பரிமாறினார். ஆசிரியர் பயிற்சியும் பெற்றார், ஆனால் வகுப்பறைப் பக்கம் போகவில்லை. 1935இல் அமெரிக்க அரசு வேலையற்ற ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையவைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வாரத்துக்கு இருபத்துமூன்று டாலர் சொச்சம். கிராஸ்னர் அதில் சுவரோவியப் பிரிவில் சேர்ந்து 1943 வரை இருந்தார். பெரிய பரப்பைக் கண்டு மலைக்காமல் வேலை செய்யும் பழக்கம் அங்கேதான் வந்தது.

ஓவியர்கள் சங்கத்திலும் தீவிரமாக இருந்தார். ஆட்குறைப்பை எதிர்த்து 1936இல் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். காவல் நிலையத்தில் ஒருவர் தன் பெயர் பிக்காசோ என்றார், ஒருவர் செசான் என்றார். கிராஸ்னர் கொடுத்த பெயர் மேரி கஸாட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பெண் ஓவியர் அவர்.

ஹான்ஸ் ஹாஃப்மனிடம் என்ன கற்றார்?

ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க்கில் பள்ளி நடத்திய ஹாஃப்மன், ஓவியர்கள் பிக்காசோவும் மத்தீஸும் வாழ்ந்த பாரிஸை நேரில் அறிந்தவர். 1937 முதல் மூன்று ஆண்டுகள் கிராஸ்னர் அவரிடம் பயின்றார். எதிரே நிற்கும் மாடலைப் பார்த்துக் கரியால் வரைய வேண்டும். ஆனால் உடலை அப்படியே எழுதிவைப்பது நோக்கம் அல்ல. தாளின் தட்டைப் பரப்பில் எது முன்னே வருகிறது, எது பின்னே போகிறது என்ற இழுபறியைக் காட்ட வேண்டும். ஹாஃப்மனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவர் வரைந்த தாளை எடுத்துக் கிழிப்பார். துண்டுகளை இடம் மாற்றி வைத்து, இப்போது பார் எப்படி உயிர் வருகிறது என்று காட்டுவார். பயிலும் ஒருவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் அந்தப் பாடம் கிராஸ்னரின் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒருமுறை அவருடைய ஓவியத்தைப் பாராட்டிய ஹாஃப்மன், இது ஒரு பெண் வரைந்தது என்றே தெரியாது, அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பாராட்டை கிராஸ்னர் கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் டச்சு ஓவியர் பீட் மொந்திரியான் சொன்னது வேறு மாதிரி. போரின்போது நியூயார்க் வந்திருந்த அவர், ஒரு கண்காட்சியில் கிராஸ்னரின் ஓவியத்தின் முன் நின்று, உனக்குள் வலுவான ஒரு தாளம் இருக்கிறது, அதை ஒருபோதும் இழந்துவிடாதே என்றார். கோடுகளையும் கட்டங்களையும் மட்டும் வரைந்த அந்த முதியவருக்கு ஜாஸ் இசை என்றால் உயிர். இருவரும் சேர்ந்து நடனம் ஆடப் போவதுண்டு.

பொல்லாக்கை எப்போது சந்தித்தார்?

1941 இறுதியில். ஜான் கிரஹாம் என்ற ஓவியர் பிரெஞ்சு, அமெரிக்க ஓவியங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்குத் தேர்வானவர்களில் கிராஸ்னரும் ஒருவர். பட்டியலில் அவருக்குத் தெரியாத ஒரே அமெரிக்கப் பெயர் ஜாக்சன் பொல்லாக். நியூயார்க்கில் நல்ல ஓவியர் ஒருவர் தனக்குத் தெரியாமல் இருக்கிறாரா என்று, ஒரு தெரு தள்ளி இருந்த பொல்லாக் வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டினார்.

அந்த நேரத்தில் நவீன ஓவிய வட்டத்தில் அறியப்பட்டவர் கிராஸ்னர்தான் என்பதை மறக்கக் கூடாது. டி கூனிங்கையும் ஹாஃப்மனையும் விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்கையும் பொல்லாக்குக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். 1945 அக்டோபரில் திருமணம். அடுத்த மாதமே லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் உள்ள ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். வீட்டின் விலை 5,000 டாலர். முன்பணம் 2,000 டாலரை கேலரி நடத்திய பெக்கி குகன்ஹைம் கடனாகக் கொடுத்தார். வெந்நீர் கிடையாது, வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது.

பொல்லாக்கைப் பார்த்துத்தான் அவர் வரைந்தாரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பொல்லாக்கின் ஓவியங்கள் அவரை உலுக்கியது உண்மை. அதுவரை ஹாஃப்மன் வழியில் எதிரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு வரைந்தவர், அதை விட்டு உள்ளிருந்து வரைய முயன்றார். சுமார் மூன்று ஆண்டுகள் எதுவும் வரவில்லை. வண்ணத்தின் மேல் வண்ணம் பூசி, கேன்வாஸ் சாம்பல் நிறச் சேறாகத் தடித்து நின்றது. சுரண்டி எடுப்பார், மறுபடி பூசுவார், மறுபடி சாம்பல். இதற்கிடையில் 1944இல் தந்தையும் இறந்துபோனார். அந்த ஓவியங்களில் எதுவும் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம்.

அந்தச் சேற்றிலிருந்து வெளியே வந்தது பொல்லாக்கின் நகல் அல்ல. 1946 முதல் 1950 வரை அவர் வரைந்த 'சிறு படிமங்கள்' வரிசையைப் பாருங்கள். பொல்லாக் கொட்டகையில் பெரிய கேன்வாஸைத் தரையில் விரித்து, உடம்பு முழுவதும் அசைய வண்ணத்தைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். மாடிப் படுக்கையறையில் கிராஸ்னர் சின்னக் கேன்வாஸை மேசைமேல் கிடத்தி, குனிந்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து வேலை செய்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கெட்டியான வண்ணத்துக்கு மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் கட்டங்களாக ஓடுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குறி: வட்டம், முக்கோணம், கொக்கி, ஏணி. எழுத்து போலவே இருக்கிறது, படிக்க முடியவில்லை. ஓவியத்தின் வலப் பக்கத்திலிருந்து தொடங்கும் பழக்கம் தனக்கு இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பொருள் தெரியாமல் எபிரேய எழுத்துகளை எழுதிய சிறுமி நினைவுக்கு வருகிறாள் அல்லவா?

1947 குளிர்காலத்தில் மாடியில் கணப்பு இல்லாததால் கீழே வந்தார். அடுப்பு இருந்த அறையில், பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குள் சிமென்ட் இட்டு, உடைந்த கண்ணாடி, கிளிஞ்சல், நாணயம், சாவி, பொல்லாக்கிடம் மிஞ்சிக் கிடந்த மொசைக் துண்டுகள் எல்லாவற்றையும் பதித்து ஒரு மேசை செய்தார். உடைந்தவற்றைச் சேர்த்து முழுமையாக்கும் அந்தக் கை, சில ஆண்டுகள் கழித்து ஓவியத்திலும் இறங்கியது.

தன் ஓவியங்களையே வெட்டினார் என்கிறீர்களே, ஏன்?

1951 அக்டோபரில் நியூயார்க்கின் பெட்டி பார்சன்ஸ் கேலரியில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. பதினான்கு ஓவியங்கள். ஒன்றுகூட விற்கவில்லை. பொல்லாக் அந்தக் கேலரியை விட்டு விலகியதும் இவருக்கும் அங்கே இடம் இல்லாமல் போனது. ஓவியங்கள் வீடு திரும்பின.

1953இல் கறுப்பு வெள்ளையில் நிறைய வரைந்து, தரையிலிருந்து கூரை வரை சுவர் முழுவதும் மாட்டிவைத்திருந்தார். ஒருநாள் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தபோது அவை ஒவ்வொன்றும் அவருக்கு வெறுப்பைத் தந்தன. எல்லாவற்றையும் பிய்த்துக் கிழித்துத் தரையில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சில வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, தரையில் கிடந்த துண்டுகள் அவர் கண்ணை இழுத்தன. கிழிந்த விளிம்பு, பாதியில் நின்றுபோன கோடு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்த விதம். குனிந்து பொறுக்கி ஒட்டத் தொடங்கினார்.

பிறகு கத்தரிக்கோல் பெரிய கேன்வாஸ்களுக்குப் போனது. 1951இல் விற்காமல் திரும்பிய ஓவியங்களை அடித்தளமாக வைத்தார். அவற்றின்மேல் தன் பழைய ஓவியத் துண்டுகள், சாக்குத் துணி, கறுப்புத் தாள், பொல்லாக் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட கேன்வாஸ் துண்டுகள் ஆகியவற்றை ஒட்டி, மேலே மறுபடி வண்ணம் தீட்டினார். 'வெண்தலைக் கழுகு', 'பறவைப் பேச்சு', 'எருக்கு வகைச் செடி' என்று நாம் பெயர்க்கக்கூடிய தலைப்புகள் கொண்ட 1955ஆம் ஆண்டு கொலாஜ்கள் இவை. 'வெண்தலைக் கழுகு' ஓவியத்தில் பொல்லாக்கின் சொட்டுக் கோடுகள் ஒரு துண்டில் தெரிகின்றன. ஓட வேண்டிய கோடு விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதைத் தாண்டிப் போவது கிராஸ்னரின் வடிவம். உலகப் புகழ் பெற்ற கணவரின் கோடு, மனைவியின் கையில் ஒரு மூலப்பொருள்! இந்த ஓவியங்கள் 1955இல் ஸ்டேபிள் கேலரியில் வைக்கப்பட்டன. அவர் வாழ்க்கையின் உச்சங்களில் ஒன்றாக நான் கருதுவது இந்தக் கண்காட்சியைத்தான்.

இது இங்கே முடியவில்லை. 1970களில், ஹாஃப்மன் பள்ளியில் வரைந்த பழைய கரி ஓவியங்கள் ஒரு கட்டு கிடைத்தது. வேறொருவராக இருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். கிராஸ்னர் அவற்றை நேர்க்கோடுகளாகக் கத்தரித்து, கூர்மையான ஆப்புகளாகக் கேன்வாஸில் அடுக்கினார். பல ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததால் கரி மறுதாளில் படிந்திருந்தது. அந்த நிழல் பதிவுகளையும் பயன்படுத்திக்கொண்டார். 1977இல் பேஸ் கேலரியில் காட்டியபோது தலைப்புகளை இலக்கணத்திலிருந்து எடுத்தார்: ஏவல், நிபந்தனை, முற்றுப்பெறாத காலம் என்று. இருபத்தெட்டு வயது மாணவியின் கையும் அறுபத்தெட்டு வயது ஓவியரின் கையும் ஒரே கேன்வாஸில் இருக்கின்றன.

1956இல் என்ன நடந்தது?

பொல்லாக்கின் குடி முற்றியிருந்தது. மண வாழ்க்கை உடையும் நிலையில் இருந்தது. அந்தக் கோடையில் கிராஸ்னர் ஒரு விநோதமான ஓவியத்தை முடித்திருந்தார். தசை நிறத்தில் பின்னிப் புரளும் உடல்கள், மேலே இருண்ட மூலையில் கீறப்பட்ட ஒற்றைக் கண். அதைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. பொல்லாக்கிடம் காட்டினார், நல்ல ஓவியம், அந்தக் கண்ணை மட்டும் எடுத்துவிடு என்றார் அவர். கிராஸ்னர் எடுக்கவில்லை. ஓவியத்தைத் தாங்கியிலேயே விட்டுவிட்டு ஜூலையில் தனியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

ஆகஸ்ட் 11 இரவு, வீட்டுக்குச் சற்றுத் தொலைவில், குடிபோதையில் காரை ஓட்டிய பொல்லாக் மரத்தில் மோதி இறந்தார். உடன் வந்த இளம்பெண் ஒருவரும் பலியானார். இன்னொருவர் உயிர் தப்பினார். பாரிஸில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்த கிராஸ்னருக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. திரும்பிவந்தபோது அந்தக் கண் தாங்கியில் அப்படியே காத்திருந்தது. அந்த ஓவியத்தின் பெயர் 'தீர்க்கதரிசனம்'.

சில மாதங்களில் மறுபடி வரையத் தொடங்கிவிட்டார். அதுவரை பொல்லாக் மட்டும் பயன்படுத்திய கொட்டகைக்குத் தன் வேலையை மாற்றினார். அங்கே 1957இல் வரைந்ததுதான் 'பருவங்கள்'. அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். ஒரு புடவையை முழுதாக விரித்துப் பிடித்தால் ஏறத்தாழ அந்த நீளம் வரும். உயரம் ஓர் ஆளுக்கு மேல். பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பழம், விதை, மொட்டு போன்ற வடிவங்கள் வீங்கித் ததும்புகின்றன. துக்கத்தில் இருப்பவர் இப்படி வரைய முடியுமா என்று அன்றே பலர் வியந்தார்கள். கைப்பேசித் திரையில் இந்த ஓவியம் வெறும் பூத்துணி போலத்தான் தெரியும். அளவை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

நடுவில் சில ஆண்டுகள் வண்ணத்தையே ஏன் விட்டார்?

1959இல் தாயும் இறந்தார். அதே ஆண்டு, தொடர்ந்து எதிர்பார்த்திருந்த ஒரு கண்காட்சியும் கிரீன்பெர்குடன் ஏற்பட்ட மோதலால் நின்றுபோனது. கிராஸ்னரின் புதிய ஓவியங்கள் கிரீன்பெர்குக்குப் பிடிக்கவில்லை. இந்த நிலையில் கிராஸ்னருக்குத் தூக்கம் போய்விட்டது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் வரைந்தார். செயற்கை ஒளியில் வண்ணத்தை நம்ப முடியாது என்பதால் மண்பழுப்பு, வெள்ளை, கறுப்பு, பால் நிறம் என்று குறுக்கிக்கொண்டார். காரணம் இவ்வளவு எளிமையானது. விளைவு அப்படியல்ல. இந்த இரவு ஓவியங்களில் சுழலும் கோடுகள் கேன்வாஸை அடிப்பது போல விழுகின்றன. நடுநடுவே கண்கள் முளைக்கின்றன. எட்டாத மூலைகளை நீண்ட கைப்பிடித் தூரிகையோடு துள்ளிக் குதித்து எட்டினார். 'கண்ணே முதல் வட்டம்' (1960) இந்த வரிசையில் முதன்மையானது. அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் ஒரு கட்டுரையின் முதல் சொற்களே தலைப்பு. 2019இல் ஏலத்தில் 1.16 கோடி டாலருக்கு மேல் விலை போனது.

உடல்நலம்?

1962 இறுதியில் மூளையில் இரத்தக்குழாய் வீங்கி அறுவைச் சிகிச்சை நடந்தது. மறு ஆண்டு விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையின் விரல் நுனிகள் வழிகாட்ட, இடது கையால் குழாயிலிருந்து நேராக வண்ணத்தைப் பிதுக்கி வரைந்தார். பிற்காலத்தில் மூட்டுவாதம் வாட்டியது.

பொல்லாக்கின் மனைவி என்பது அவருக்கு உதவியதா, தடையா?

இரண்டும். பொல்லாக்கின் ஓவியங்கள் எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. அவசரப்பட்டு விற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, தக்க அருங்காட்சியகத்துக்கு, தக்க விலைக்குத்தான் கொடுத்தார். 1957இல் 'இலையுதிர்காலத் தாளம்' ஓவியத்தை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 30,000 டாலருக்கு வாங்கியது. அந்நாளில் அமெரிக்க ஓவியத்துக்கு அது பெரிய விலை. போருக்குப் பிந்தைய அமெரிக்க ஓவியச் சந்தையே இந்த உறுதியால் உயர்ந்தது. ஆனால் அந்த உறுதியையே காட்டி அவரை 'ஓவிய விதவை' என்று சுருக்கினார்கள். உயிலும் கணக்கும் பார்த்த நேரமெல்லாம் தூரிகை பிடித்திருக்க வேண்டிய நேரம்.

அதற்கு முன்பும் நிலைமை வேறில்லை. 1949இல் ஒரு கேலரி ஓவியத் தம்பதிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் தலைப்பில் 'ஓவியர்கள்: கணவனும் மனைவியும்' என்று இருந்தது. அதிலும் இவருடைய படைப்பு கணவருடைய படைப்பின் நிழலாகவே பார்க்கப்பட்டது. 1972இல், அறுபத்துமூன்று வயதில், பெண் ஓவியர்களை ஒதுக்குவதைக் கண்டித்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் நடந்த மறியலில் அவரும் நின்றார்.

அங்கீகாரம் எப்போது வந்தது?

முதலில் கடல் கடந்து வந்தது. 1965இல் லண்டனின் வைட்சாப்பல் கேலரியில் அதன் இயக்குநர் பிரையன் ராபர்ட்சன் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்டினார். நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகம் 1973இல் பெரிய ஓவியங்களைக் காட்டியது. 1983இல் ஹூஸ்டனில் கலை வரலாற்றாளர் பார்பரா ரோஸ் தொகுத்த முழுமையான கண்காட்சிக்குச் சக்கர நாற்காலியில் வந்து கலந்துகொண்டார். அது பல ஊர்கள் சுற்றி 1984 டிசம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. எந்த வாசலில் நின்று மறியல் செய்தாரோ அதே இடம். அப்போது அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மரத்துக் கண்ணாடியில் பார்த்து வரைந்த சுயஉருவம், ஏதேனும் ஒரு 'சிறு படிமம்', 1955ஆம் ஆண்டு கொலாஜ் ஒன்று, 'கண்ணே முதல் வட்டம்'. இந்த நான்கையும் இதே வரிசையில், ஒரே நாளில் அல்லாமல், பாருங்கள். ஒருவரே வரைந்தாரா என்று சந்தேகம் வரும். வரட்டும். தனக்கென்று ஒரு முத்திரைப் பாணியை அவர் வைத்துக்கொள்ளவில்லை; அதுவும் சந்தையில் அவர் பின்தங்க ஒரு காரணம். ராத்கோ என்றால் மிதக்கும் செவ்வகம், பொல்லாக் என்றால் சொட்டு என்று கண் உடனே சொல்லும். கிராஸ்னர் ஒவ்வொரு சில ஆண்டுக்கும் முந்தையதை முறித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

அவருடைய சொத்து என்ன ஆனது?

உயிலின்படி பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை 1985இல் தொடங்கப்பட்டது. பணத் தேவையில் இருக்கும் ஓவியர்கள், சிற்பிகள், அச்சோவியர்களுக்கு அது நிதியுதவி தருகிறது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். நம் ஊர் ஓவியர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. தெரிந்த ஓவியர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்ஸ் வீட்டை இன்று பார்க்க முடியுமா?

முடியும். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் 1988 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கொட்டகைக்குள் நுழையும் முன் காலணியைக் கழற்றிவிட்டு, அங்கே தரும் மென்செருப்பை அணிந்துகொள்ள வேண்டும். 1953இல் தரைமேல் அடித்திருந்த பலகைகளைப் பிற்காலத்தில் பெயர்த்தபோது, அடியில் பொல்லாக் சிந்திய வண்ணங்கள் அன்று விழுந்தபடியே இருந்தன. பார்வையாளர்கள் குனிந்து அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நிமிர்ந்து சுவரைப் பாருங்கள். பொல்லாக் தரையில் விரித்து வரைந்தவர். கிராஸ்னர் சுவரில் மாட்டி வரைந்தவர். கேன்வாஸின் விளிம்பைத் தாண்டிப் பலகையில் தெறித்து நிற்கும் வண்ணங்கள் அவருடையவை.